கட்டம் போட்ட ஃபிலிம்: எந்த அளவு, எந்தப் பக்கம், எவ்வளவு சூடு?

ஆர்.சி. (ரேடியோ ரிமோட்டில் பறக்கும்) விமானக் கேள்வி - பதில்

பால்சா என்ற லேசான மரத்தில் செய்த சட்டத்தின் மேல் சூடு வைத்து ஒட்டி, மேலும் சூடாக்கி விறைப்பாக இழுக்கும் கவரிங் ஃபிலிமைப் பற்றித்தான் இந்த மாதம் நிறையக் கடிதங்கள். அதிலும் கட்டம், கோடு போட்ட ஃபிலிமை வாங்கிவிட்டுத் திணறுபவர்கள் அதிகம். ஒரே நிற ஃபிலிமில் சிறு பிசகு நடந்தால் வெளியே தெரியாது. கட்டத்தில் 2 மி.மீ. கோணினாலும் கண்ணில் குத்தும். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கே: முதல் ட்ரெய்னர் (பழகுவதற்கான) விமானத்தைக் கட்டி முடித்துவிட்டேன். இறக்கை 1600 மி.மீ. நீளம், 280 மி.மீ. அகலம். அடிப்பக்கத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் வாங்கப் போனால் 1 அங்குலக் கட்டம், 2 அங்குலக் கட்டம் என்று இரண்டு காட்டுகிறார்கள். 1 அங்குலம்தான் பார்க்க எடுப்பாக இருக்கிறது. எதை வாங்குவது? – வாசகர், கோயம்புத்தூர்

ப: 2 அங்குலம். முடிந்தால் அதைவிடப் பெரியது.

கடையில் ரோலைப் பிரித்துக் காட்டும்போது அது உங்கள் முகத்திலிருந்து இரண்டடி தள்ளி இருக்கிறது. பறக்கும்போது விமானம் 100, 150 மீட்டர் தள்ளி இருக்கும். அங்கே என்ன தெரியும் என்பதுதான் கேள்வி. நல்ல பார்வை உள்ள கண்ணுக்கு, அதாவது கண் மருத்துவர் 6/6 என்று எழுதும் கண்ணுக்கு, ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு கோணம் வரைதான் பிரித்துப் பார்க்க முடியும். கணக்குப் போட்டால், 25 மி.மீ. கட்டம் சுமார் 86 மீட்டரில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். 50 மி.மீ. கட்டத்துக்கு 172 மீட்டர், 100 மி.மீ. கட்டத்துக்கு 344 மீட்டர். இதுவும் அசையாமல் நிற்கிற, நல்ல வெளிச்சம் விழுகிற பலகைக்குத்தான். திரும்பிக்கொண்டும் சாய்ந்துகொண்டும் இருக்கும் விமானத்துக்கு இதில் பாதியை மட்டும் நம்புங்கள். அப்படிப் பார்த்தால் 1 அங்குலம் 40 மீட்டரைத் தாண்டுவதே சிரமம். 2 அங்குலம் 85 மீட்டர் வரை தாங்கும். உங்கள் ட்ரெய்னருக்குப் பொருத்தமானது 75 முதல் 100 மி.மீ. கட்டம். அந்த அளவு ரெடிமேடாகக் கிடைக்காவிட்டால் நீங்களே வெட்டி ஒட்டலாம். அதன் வழி கீழே இன்னொரு பதிலில் இருக்கிறது.

கட்டம் பிரிந்து தெரியாமல் போனால் வெறுமனே அலங்காரம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். சரிபாதி கறுப்பும் சரிபாதி வெள்ளையும் தூரத்தில் கலந்து சாம்பல் நிறமாகிவிடும். மேகமூட்டமான வானத்தின் நிறமும் அதுதான். விமானத்தைத் தெளிவாகக் காட்டுவதற்கென்று ஒட்டிய ஃபிலிமே அதை மறைத்துவிடும்.

நிறத்தைவிட முக்கியம் வெளிர், அடர்த்தி வேறுபாடு. சிவப்பும் கறுப்பும் கைக்கெட்டும் தூரத்தில் பிரமாதமாக இருக்கும். 100 மீட்டரில் இரண்டும் ஒரே இருட்டு. மஞ்சள் - கறுப்பு, வெள்ளை - கருநீலம், வெள்ளை - கறுப்பு மூன்றும் நிற்கும். வெள்ளை - சிவப்பு பரவாயில்லை. ஆரஞ்சு - மஞ்சள் வேண்டவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் கடையில் வைத்தே செல்ஃபோன் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி ரோலைப் படம் எடுங்கள். படத்தில் கட்டம் பளிச்சென்று பிரிந்தால் வாங்கலாம். வாங்குவதற்கு முன் துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. ஓர் அட்டையில் ஒட்டி மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு, தெருவில் 100 தப்படி தள்ளிப் போய்ப் பாருங்கள்.

கே: அடிப்பக்கத்துக்குப் போட்ட அதே கட்டத்தை மேல்பக்கத்துக்கும் போட்டால் என்ன? ரோல் மிச்சம் இருக்கிறது. – வாசகர், சேலம்

ப: போடாதீர்கள். திருப்பத்தில் விமானம் சாய்ந்து நிற்கும்போது, தெரிவது முதுகா வயிறா என்று ஒரு நொடிக்குள் முடிவு செய்து ரிமோட்டின் குச்சியைத் தள்ள வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால் அந்த ஒரு நொடியில்தான் தப்பு நடக்கும். மேலே ஒரே பளிச் நிறம், கீழே கட்டம். மிச்சத்தைச் சுருட்டி வையுங்கள், பின்னால் ஒட்டுப்போட உதவும்.

கே: கட்டம் போட்ட ஃபிலிம் வாங்கும்போது எவ்வளவு கூடுதலாக வாங்க வேண்டும்? சென்ற முறை நடு இணைப்பில் கட்டம் பொருந்தாமல் போய்விட்டது. – வாசகர், மதுரை

ப: முதல் கடிதத்தில் உள்ள இறக்கையையே எடுத்துக்கொள்வோம். பாதி இறக்கை 800 x 280 மி.மீ. பிடித்து இழுக்க நான்கு பக்கமும் 30 மி.மீ. விட்டால் 860 x 340. இரண்டு பாதிக்கு 1720 மி.மீ. நீளம். இதோடு ஒரு முழுச் சுற்றைக் கூட்ட வேண்டும். சுற்று என்றால் ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்தது. 50 மி.மீ. கட்டத்துக்கு அது 100 மி.மீ. ஆக 1820. ஜெர்மன் ஓராகவர் ரோல் 60 செ.மீ. அகலம், 2 மீட்டர் நீளத்திலேயே கிடைக்கும். ஒன்று போதும். பக்கத்தில் 260 மி.மீ. அகலத்தில் ஒரு நீளத் துண்டு மிஞ்சும். அய்லரானும் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) வால் ஸ்டெபிலைசரின் (வாலில் உள்ள சிறு இறக்கை) அடிப்பக்கமும் அதில் அடங்கிவிடும்.

பொருந்தாமல் போனது அளவுக் குறைவால் இருக்காது, வெட்டிய விதத்தால் இருக்கும். இரண்டு பாதியையும் ரோலின் அகலவாக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெட்டினால் நடுவில் கட்டம் சேராது. இறக்கை எப்படி நீளவாக்கில் இருக்கிறதோ அப்படியே ஒரே பட்டையாக ரோலில் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கட்டக் கோட்டின் மேலேயே வெட்டுங்கள். முதல் பாதியின் ஃபிலிம் நடுக்கோட்டைத் தாண்டி 6 மி.மீ. போகட்டும். இரண்டாம் பாதியின் ஓரம் கட்டக் கோட்டின் மேல் சரியாக உட்காரட்டும். கூட்டிய அந்த ஒரு சுற்று இதற்காகத்தான். ரோல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்குங்கள். அடுத்த தடவை வரும் சரக்கில் அச்சின் அளவு அரை மி.மீ. மாறினாலும் பத்துக் கட்டத்தில் 5 மி.மீ. தள்ளிவிடும்.

கே: கவரிங் அயர்ன் என்னிடம் இல்லை. வீட்டு அயர்ன் பாக்ஸை வைத்து ஒட்டலாமா? எத்தனை டிகிரி? – மாணவர், திருச்சிராப்பள்ளி

ப: ஒட்டலாம். ஆவி வராத பழைய டிரை அயர்ன் என்றால் நல்லது. ஸ்டீம் அயர்னின் அடித்தட்டில் உள்ள துளைகள் ஃபிலிமில் வட்ட வட்டமாகத் தடம் விட்டுவிடும். அடித்தட்டின் மேல் மெல்லிய பருத்தித் துணியை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள், கீறல் விழாது.

டிகிரி, ஃபிலிமைப் பொறுத்தது. ஜெர்மனியின் லைப்சிக்கில் தயாராகும் ஓராகவர் சுமார் 100 டிகிரி செல்சியஸில் ஒட்டத் தொடங்கும், 150-ஐ ஒட்டி நன்றாகச் சுருங்கும். அமெரிக்காவில் அல்ட்ராகோட் என்ற பெயரில் விற்பதும் இதே ஃபிலிம்தான். மோனோகோட் என்ற இன்னொரு ஃபிலிம் இதைவிட அதிகச் சூடு கேட்கும். பெயர் இல்லாத ரோல்களுக்கு நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். அது அரை மணி நேர வேலை. நான்கு பால்சாக் குச்சியை ஒரு சாண் சதுரத்துக்கு ஒட்டிக்கொள்ளுங்கள். ஃபிலிம் துண்டை 95 டிகிரியில் தொடங்கி, 5 டிகிரி கூட்டிக் கூட்டி ஓரத்தில் ஒட்டி, ஆறிய பின் உரித்துப் பாருங்கள். மரநார் பிய்ந்துகொண்டு வந்தால் அதுதான் ஒட்டும் சூடு. அதன் பின் நடுப்பகுதியைச் சூடாக்கி, எந்த அளவில் விறைக்கிறது, எந்த அளவில் கட்டத்தின் அச்சு மங்குகிறது அல்லது பளபளப்பு போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீங்கள் வேலை செய்ய வேண்டும். அச்சிட்ட ஃபிலிம்களில் இந்த இடைவெளி ஒற்றை நிற ஃபிலிமைவிடக் குறைவாக இருக்கலாம். அதனால் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

அயர்ன் பாக்ஸின் குமிழில் உள்ள புள்ளிகள் உதவும். ஒரு புள்ளி 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200 என்பது துணிக்கான பொதுக் குறியீடு. ஒட்டுவதற்கு ஒரு புள்ளி, இழுப்பதற்கு இரண்டு புள்ளி என்று தொடங்கலாம். ஆனால் பழைய பெட்டியின் தெர்மோஸ்டாட் 20 டிகிரி இப்படி அப்படி ஆடும். விளக்கு அணைந்த உடனே ஒரு சூடு, மறுபடி எரிவதற்குச் சற்று முன் ஒரு சூடு. எப்போதும் விளக்கு அணைந்து சில நொடி கழித்தே ஃபிலிமில் வையுங்கள்.

அகச்சிவப்பு தெர்மாமீட்டர் வைத்து அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பளபளப்பான உலோகத் தட்டைக் குறிவைத்தால் அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். 70 என்று காட்டுகிறதே என்று குமிழைத் திருகிக்கொண்டே போவீர்கள், ஃபிலிம் ஓட்டை விழும். தட்டில் ஒரு சிறு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் மேல் அளந்தால் சரியான எண் கிடைக்கும்.

கே: என் விமானத்தின் இறக்கை நுனிக்குப் போகப் போகக் குறுகுகிறது. கட்டத்தை முன்விளிம்போடு சேர்த்து வைப்பதா, பின்விளிம்போடு சேர்த்து வைப்பதா? – வாசகர், திருநெல்வேலி

ப: இரண்டும் இல்லை. உடலோடு ஒட்டும் முதல் ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் தகடு) இருக்கிறதே, அதற்கு இணையாக வையுங்கள். பின்விளிம்போடு இணைத்தால் ஒவ்வொரு பாதியும் தனியாகப் பார்க்க ஒழுங்காக இருக்கும். இரண்டையும் உடலில் மாட்டும்போது நடுவில் கட்ட வரிசை ‘வி’ போல மடங்கிவிடும். முதல் ரிப்பைப் பிடித்துக்கொண்டால் இடது, வலது இரண்டும் ஒரே வரிசையில் ஓடும். விளிம்புகளில் கட்டங்கள் குறுக்காக வெட்டுப்பட்டு நிற்கும். அது கண்ணை உறுத்தாது.

சட்டத்தின் மேலேயே மென்மையான பென்சிலால் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று முதல் ரிப்பின் மேல், இன்னொன்று அதற்குச் செங்குத்தாக ஸ்பாரை (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முக்கியக் கட்டை) ஒட்டி. ஃபிலிமை விரித்து, அச்சுக் கோட்டை இந்தப் பென்சில் கோட்டோடு பொருத்தி, இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் முதல் சூடு வையுங்கள். பின்பு நுனியில் ஒரு புள்ளி, முன்விளிம்பில் ஒரு புள்ளி, பின்விளிம்பில் ஒரு புள்ளி. நான்கு புள்ளியையும் வைத்துவிட்டு விலகி நின்று பாருங்கள். ஓராகவர் போல நிறமும் பசையும் தனித்தனி அடுக்காக உள்ள ஃபிலிமை இந்த நிலையில் உரித்து மறுபடி ஒட்டலாம். பசையிலேயே நிறம் கலந்த மோனோகோட் வகையை உரித்தால் நிறம் மரத்தில் தங்கிவிடும். கட்டத்துக்கு முதல் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு எங்களுக்கு இதுவே பெரிய காரணம். ஒரே தடவையில் நேராக ஒட்டுவது பழகிய கைக்கும் கடினம்.

அய்லரானைத் தனியாகக் கவர் செய்துதான் ஆக வேண்டும். இறக்கைத் துண்டை வெட்டும்போதே, அய்லரானுக்குரிய கட்ட வரிசை எங்கே முடிகிறது என்று குறித்துக்கொண்டு, மிச்சத் துண்டில் அடுத்த வரிசையிலிருந்து தொடங்குங்கள். கீல் இடைவெளி 1 மி.மீ. சேர்த்துக் கணக்கில் வையுங்கள்.

இறக்கை நுனி இரண்டு பக்கமும் வளைந்த உருண்டையாக இருந்தால் அங்கே கட்டத்தை இழுக்கவே வேண்டாம். சதுரம் வாழைப்பூ மடல் போல வளைந்துவிடும். கடைசி ரிப்போடு கட்டத்தை நிறுத்திவிட்டு, நுனிக்கு ஒற்றை நிறம் போடுங்கள். கறுப்பு நுனி என்றால் தூரத்தில் இறக்கை எங்கே முடிகிறது என்பதும் நன்றாகத் தெரியும்.

கே: முதல் பதிலில் சொன்ன 100 மி.மீ. கட்டத்தை எப்படி வெட்டி ஒட்டுவது? எடை கூடிவிடாதா? – அதே கோயம்புத்தூர் வாசகர், பின்னர் அனுப்பிய கேள்வி

ப: எடையை முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் இறக்கையின் அடிப்பக்கம் 16 வரிசை, மூன்று அடுக்கு. மொத்தம் 48 கட்டம், அதில் 24 கறுப்பு. பரப்பு 0.24 சதுர மீட்டர். சாதாரண ஃபிலிமைச் சதுர மீட்டருக்கு 65 கிராம் என்று வைத்தால் கூடுதல் எடை 16 கிராம்தான். உங்கள் ரோலின் எடை தெரியாவிட்டால், பின்தாளை உரித்துவிட்டு 10 செ.மீ. சதுரம் நான்கு வெட்டி நகை எடை போடும் தராசில் வைத்து, 25-ஆல் பெருக்குங்கள். இறக்கையில் 16 கிராம் ஒன்றும் செய்யாது. வாலில் மட்டும் இந்த இரட்டை ஒட்டு வேண்டாம். வாலில் 1 கிராம் ஏறினால் மூக்கில் 2, 3 கிராம் ஈயம் வைத்துச் சமன் செய்ய வேண்டிவரும்.

முதலில் முழு அடிப்பக்கத்தையும் வெள்ளையால் கவர் செய்து, முழுதாக இழுத்து விறைக்க வைத்துவிடுங்கள். கறுப்பை ஒட்டிய பிறகு வெள்ளையை இழுத்தால் எல்லாம் கோணும். வெள்ளைதான் அடியில், கறுப்புதான் மேலே. மாற்றிச் செய்தால் வெள்ளைக்குள் கறுப்பின் ஓரம் நிழலாகத் தெரியும்.

ஒவ்வொரு சதுரத்தையும் 101 மி.மீ. வெட்டுங்கள், கோடு போடுவது 100 மி.மீ. இடைவெளியில். சரியாக 100-க்கு வெட்டினால் இரண்டு கறுப்பின் மூலைகள் சந்திக்கும் இடத்தில் ஊசிமுனை போல வெள்ளை எட்டிப் பார்க்கும். அந்த ஒரு மி.மீ. அதை மூடிவிடும். 60 செ.மீ. அகல ரோலில் ஒரு வரிசைக்கு 5 சதுரம்தான் வரும், ஆறாவதுக்கு 6 மி.மீ. குறையும். ஐந்து வரிசை, அதாவது அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம் போதும். 64 செ.மீ. அளவுள்ள ரோல் என்றால் வரிசைக்கு ஆறு, நான்கே வரிசை. கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து ஸ்டீல் ஸ்கேலும் புது பிளேடும் கொண்டு வெட்டுங்கள். பின்தாளோடு சேர்த்து வெட்டினால் ஓரம் பிசிறாது. எட்டுப் பத்துச் சதுரத்துக்கு ஒரு பிளேடு முனையை மாற்றிவிடுங்கள்.

பின்தாளை உரிக்க நகத்தால் சுரண்டாதீர்கள். மூலையின் மேலும் கீழும் ஒவ்வொரு செலோடேப் துண்டை ஒட்டி எதிரெதிராக இழுத்தால் தானே பிரியும்.

பலகை மூடிய இறக்கை என்றால், கண்ணாடி துடைக்கும் திரவத்தை வெள்ளையின் மேல் தெளித்து, கறுப்புச் சதுரத்தைப் போட்டு, பென்சில் குறிக்கு நகர்த்தி உட்கார வையுங்கள். பழைய பிளாஸ்டிக் கார்டின் விளிம்பில் துணி சுற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் திரவத்தை வழித்து எடுங்கள். ஓர் இரவு காயட்டும். மறுநாள் 100 டிகிரியில் முதலில் ஓரங்களை, பிறகு நடுவை மெதுவாக ஒட்டுங்கள். ஈரம் காயாமல் சூடு வைத்தால் ஆவி கிளம்பி கொப்புளம் கொப்புளமாக எழும்.

பலகை இல்லாமல் ரிப் மட்டும் உள்ள திறந்த சட்டத்தில் இது சிக்கல். அடியில் தாங்க எதுவும் இல்லாத இடத்தில் அயர்னை அழுத்த முடியாது. அங்கே கட்டத்தின் அளவை ரிப் இடைவெளியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ரிப்புக்கு ரிப் 75 மி.மீ. என்றால் கட்டமும் 75. அப்போது நிற்கும் ஓரம் எல்லாம் ரிப்பின் மேல் விழும், அயர்ன் பதிய இடம் கிடைக்கும். கிடக்கும் ஓரத்தில் ஒன்றை ஸ்பாரின் மேல் வையுங்கள். இதுவும் பெரிய வேலையாகத் தெரிந்தால் கட்டத்தை மறந்துவிட்டு, ஒவ்வொரு பாதியிலும் முன்னிருந்து பின்னாக 150 மி.மீ. அகலத்தில் இரண்டு கறுப்புப் பட்டை போடுங்கள். வானத்தில் கட்டத்தைவிடப் பட்டைதான் தெளிவாகத் தெரியும் என்பது எங்கள் எண்ணம்.

கே: கட்டங்கள் ரிப்புகளுக்கு நடுவே வில் போல வளைந்துவிட்டன. பலகை உள்ள இடத்தில் கொப்புளம். என்ன தப்புச் செய்தேன்? – வாசகர், ஈரோடு

ப: இரண்டும் வேறு வேறு தப்பு.

வளைந்ததற்குக் காரணம், ஓரம் முழுதாக ஒட்டும் முன் ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) கையில் எடுத்தது. ஃபிலிம் சுருங்கும்போது ஒட்டாத ஓரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், அச்சுக் கோடும் அதோடு போகும். சுற்றுவட்டம் முழுவதும் ஒட்டி, கையாலேயே சுருக்கம் இல்லாமல் இழுத்து முடித்திருக்க வேண்டும். சூட்டுக்கு விட வேண்டியது கடைசி விறைப்பை மட்டும். அதன் பிறகும் ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது. நிறுத்திய இடம் முதலில் சுருங்கி, பக்கத்துக் கட்டங்களைத் தன் பக்கம் இழுத்துவிடும். நுனியிலிருந்து நடுவுக்கு, ஒரு கையளவு தள்ளி, வெள்ளையடிப்பது போல ஆட்டிக்கொண்டே போங்கள். கட்டம் போட்ட ஃபிலிமுக்கு எங்கள் தேர்வு ஹீட் கன் அல்ல, அயர்ன். அயர்ன் எங்கே படுகிறதோ அங்கே மட்டும் சுருங்கும், கை கட்டுப்பாட்டில் இருக்கும். அடிப்பக்கத்தை இழுத்ததும் மேல்பக்கத்தையும் அதே அளவு இழுங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் இறக்கையே முறுக்கிக்கொள்ளும்.

கொப்புளத்துக்கு ஈர மரம் ஒரு காரணம். மழைக்காலத்தில் பால்சா காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். சூடு பட்டதும் அது ஆவியாகி, வெளியே போக வழியில்லாமல் ஃபிலிமைத் தூக்கும். ஃபேன் ஓடும் காய்ந்த அறையில் இரண்டு நாள் வைத்துவிட்டு ஒட்டுங்கள். தூசி இன்னொரு காரணம். 220 நம்பர், பிறகு 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்த பின் பிரஷ்ஷால் தட்டினால் போதாது, வேக்குவம் வைத்து உறிஞ்சி, சற்றே பிசுபிசுப்பான துணியால் துடைக்க வேண்டும். சயனோ பசை (நொடியில் ஒட்டும் பசை) வழிந்து கண்ணாடி போல இறுகிய இடத்தில் ஃபிலிம் பிடிக்காது. அங்கே மரம் தெரியும் வரை தேய்த்துவிடுங்கள். ஏற்கெனவே எழுந்துவிட்ட கொப்புளத்தை மெல்லிய குண்டூசியால் கறுப்புக் கட்டத்தின் நடுவில் குத்தி, அயர்னால் வெளியிலிருந்து துளையை நோக்கித் தள்ளுங்கள். வெள்ளையில் குத்தினால் புள்ளி தெரியும்.

கே: தெர்மகோல் இறக்கைக்கும் இதே ஃபிலிம் ஒட்டுமா? – மாணவி, புதுச்சேரி

ப: தெர்மகோல் 90, 100 டிகிரியிலேயே இளகித் தொய்யும். அதற்குக் கீழே ஒட்டும் குறைந்த சூட்டு ஃபிலிம் கிடைத்தால் மட்டும் முயற்சி செய்யுங்கள், அதுவும் கழித்த துண்டில் பார்த்துவிட்டு. இல்லையென்றால் சூடே தேவைப்படாத, பின்னால் பசையுள்ள கட்ட ஸ்டிக்கர் ஃபிலிம் போதும்.

கே: மே மாதம் விமானத்தைக் காருக்குள் வைத்திருந்தேன். கறுப்புக் கட்டங்கள் தொளதொளத்துவிட்டன, வெள்ளைக் கட்டங்கள் அப்படியே இருக்கின்றன. இதற்கு என்ன செய்ய? – வாசகர், வேலூர்

ப: கறுப்பு வெயிலை அதிகம் வாங்கும், அடியிலுள்ள பசை இளகும், ஃபிலிம் நகரும். முதலில் ஒட்டியபோது குறைந்த சூட்டிலேயே விட்டுவிட்ட ஃபிலிமில் இது சீக்கிரம் வரும். ஓரங்களை ஒரு சுற்று மறுபடி அழுத்தி ஒட்டிவிட்டு, கறுப்புக் கட்டங்களை மட்டும் அயர்னால் இழுங்கள். திறந்த சட்டம் என்றால் ஒவ்வொரு ரிப்பிலும் 3 மி.மீ. துளை இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் சூட்டில் உள்காற்று விரிந்து ஒவ்வோர் அறையும் பலூன் போல உப்பும். இனி வெயிலில் எடுத்துப் போகும்போது இறக்கையைப் பழைய வெள்ளை வேட்டியால் சுற்றி வையுங்கள்.

கே: குளோ இன்ஜின் வைத்த விமானம். ஒரு மாதத்தில் இன்ஜின் பக்கத்துக் கட்டங்கள் அழிந்துவிட்டன. – வாசகர், ஓசூர்

ப: அந்த ஃபிலிமில் அச்சு மேல்முகத்தில் இருக்கிறது. மெத்தனாலும் எண்ணெயும் கலந்த எரிபொருள் புகைக்குழாய் வழியே தெளித்து அதைக் கரைத்திருக்கும். அச்சு அடிமுகத்தில், பாலியெஸ்டருக்குக் கீழே இருந்தால் இப்படி ஆகாது. வாங்கும்போது பஞ்சில் எரிபொருளை நனைத்து, துண்டின் மேல்முகத்தில் இருபது தடவை தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அது எலெக்ட்ரிக் விமானத்துக்கு மட்டும்.

ஓர இணைப்புகளையும் கவனியுங்கள். ஓடு வேய்வது போலத்தான் இதுவும். பின்னாலிருந்து முன்னால் ஒட்டிக்கொண்டு வர வேண்டும், முன்துண்டு பின்துண்டின் மேல் ஏறியிருக்க வேண்டும். அப்போது எண்ணெய் இணைப்பின் மேல் வழுக்கிப் போகும், உள்ளே நுழையாது. எண்ணெய் ஊறிவிட்ட மரத்தில் புது ஃபிலிம் ஒட்டாது. அசிட்டோனால் துடைத்து, சோளமாவைத் தூவி ஓர் இரவு விட்டுத் தட்டி, எண்ணெய்க் கறை போகும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

கே: இறங்கும்போது முள்செடி கிழித்துவிட்டது. கட்டம் போட்ட ஃபிலிமில் ஒட்டுப்போட்டால் அசிங்கமாகத் தெரியுமே? – வாசகர், விருதுநகர்

ப: ஒற்றை நிறத்தைவிட இங்கே உங்களுக்கு வசதி அதிகம். கிழிசல் ஒரு கட்டத்துக்குள் இருந்தால் அந்தக் கட்டத்தை மட்டும் அதன் கோட்டிலேயே மூடுங்கள். கறுப்புக் கட்டம் என்றால் அதே அளவு கறுப்புச் சதுரம், ஓரம் கோட்டின் மேல். இணைப்பு கோட்டிலேயே மறைந்துவிடும். வெள்ளைக் கட்டத்துக்கு, சுற்றிலும் 3 மி.மீ. கறுப்பின் மேல் ஏறும் வெள்ளைத் துண்டை ஒட்டினால் கறுப்பு மங்கலாகத் தெரியும். அதனால் பழைய மிச்சத்திலிருந்து, பக்கத்துக் கறுப்புகளின் ஓரத்தையும் கொஞ்சம் சேர்த்து வெட்டி, அச்சின் மேல் அச்சாகப் பொருத்துங்கள். கிழிந்த நாக்குகளை முதலில் வெட்டி எடுத்துவிட வேண்டும். திறந்த அறையாக இருந்தால் இரண்டு ரிப் வரைக்கும் துண்டை நீட்டி, மரத்தின் மேல் ஓரம் விழும்படி பாருங்கள். ஒட்டுவது 100 டிகிரிக்கு மேல் வேண்டாம், அடியில் இருக்கும் பழைய ஃபிலிம் மறுபடி சுருங்கி இழுத்துவிடும். பழைய ஃபிலிம் குறைந்த சூட்டு வகை என்றால், அதன் மேல் மோனோகோட் போன்ற அதிகச் சூட்டு ஃபிலிமை ஒட்ட முயலாதீர்கள். மேலே இருப்பது பிடிக்கும் முன் கீழே இருப்பது கழன்றுவிடும்.